வாட்டர் பம்பும் மூன்று ஒட்டுத்துண்டும்

என் மனைவிக்கு எங்கள் பகுதியில் பிரேக் டீச்சர் என்று பெயர். பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். பள்ளி என்றால் பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. வாசலில் ஒரு பலகை, கூரையில் அட்டை மாட்டிய ஒரு பழைய கார், ஒரு நோட்டு, அவள். முடிந்தது. அவள் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியில் அவளுக்கென்று தனி பிரேக் உண்டு. பதினோரு வருடமாக அதை மிதித்து மிதித்து, அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. விருந்துக்குப் போன இடத்தில் நான் கொஞ்சம் வாயை நீட்டினால் போதும், மேசைக்கடியில் என் பாதத்தில் ஓர் அழுத்து விழும்.

"ஏம்மா மிதிக்கிற?" என்றால், "வண்டி ரொம்ப வேகமாப் போகுது, அதான்" என்பாள்.

முன்பு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயதில் கார் பழகப் போனாள். சொல்லிக்கொடுத்த ஆசாமி வாய் ஓயாமல் திட்டுகிறவர். நான்காம் நாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து ஊரையே கூட்டினவாம். "அவர் திட்டினதக் கேட்ட நேரத்துல ரோட்டப் பாத்திருந்தா எனக்கு எப்பவோ வந்திருக்கும்" என்றாள். பிறகு வேறு இடத்தில் பழகி, லைசென்ஸ் எடுத்து, மூடப்போன ஒரு பள்ளியிடமிருந்து இந்தக் காரை வாங்கி, தானே தொடங்கினாள். ஒரே ஒரு விதி: வண்டிக்குள் யாரும் யாரையும் திட்டக்கூடாது.

அந்த விதி என்னை மனதில் வைத்துப் போட்டது. எனக்குத் தெரியும். பாடம் நடக்கும்போது நான் வண்டிப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று தனி உத்தரவும் இருந்தது. நான் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். தாளில் கடுகளவு புள்ளி விழுந்தாலும் மெஷினை நிறுத்தி, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துத் துடைத்தால்தான் எனக்கு மூச்சு வரும். வீட்டிலும் அப்படித்தான். இப்படிப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் கார் ஓட்ட வரும்?

இதற்குச் சாட்சி என் தங்கை. நாற்பத்தொன்பது வயதாகிறது, இன்னும் நாங்கள் பொடிசு என்றுதான் கூப்பிடுகிறோம். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இரவல் கார் ஒன்றில் நான்தான் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டு கேட் தூணில் லேசாக உரசிவிட்டாள். உரசல் என்னவோ விரல் நீளம்தான். நான் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவள் இறங்கி, சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு நான்தான் டிரைவர். ஆஸ்பத்திரியா, கல்யாணமா, பிள்ளையின் பள்ளிக்கூடமா, "அண்ணே, கொஞ்சம் கொண்டுபோய் விடுறியா?" என்பாள். நான் வரும்வரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். போகிற இடத்துக்கெல்லாம் அரை மணி, ஒரு மணி தாமதமாகத்தான் போவாள். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது பெருமையாகத்தான் இருந்தது. தங்கைக்கு அண்ணனை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

இந்த வருடம் அவள் மகள் கர்ப்பமானாள். ஒரு மணி நேரத் தொலைவில் வேறு ஊரில் வேலை. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறான். திரும்ப இன்னும் இரண்டு மாதமாகும். அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். பொடிசுக்குப் பள்ளி அலுவலகத்தில் வேலை. பிரசவ நாளிலிருந்துதான் லீவு கிடைக்கும். வலி எடுத்து மகள் கூப்பிட்டால் உடனே போயாக வேண்டும். நானோ மெஷின் கூடத்தில் இருந்தால் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனவே அவள் நேராகத் தன் அண்ணியிடம் போனாள். மூன்று வாரம் எனக்குத் தெரியாமலே பாடம் நடந்திருக்கிறது. என் வீட்டுக் கார், என் மனைவி, என் தங்கை! எனக்கு மட்டும் தெரியாது.

ரோட்டில் நன்றாகத்தான் ஓட்டினாள். தேர்வில் மூன்று தடவை தோற்றாள். மூன்றும் ஒரே இடத்தில்: நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் அவள் தோள் ரெண்டும் காதுக்கு ஏறிவிடும். நாலாவது தேர்வு ஒரு திங்கள்கிழமை காலை. அதை விட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. பிரசவத்துக்கோ டாக்டர் சொன்னது மூன்று வாரம்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாடம் முடிந்து வந்த டீச்சர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"என்னங்க, வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுது. சூடு காட்டுற ஊசியும் மேல மேல ஏறுது."

குனிந்து பார்த்தேன். என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் அடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் போனால் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே வரும். பச்சையாக ஒழுகிக் கறை பிடித்திருந்தது. கப்பியைப் பிடித்து ஆட்டினேன், பால்பல் மாதிரி ஆடியது. பம்ப் போயே போய்விட்டது. தெருமுனை மெக்கானிக்கைக் கேட்டால் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் தொடக்கூட முடியாது என்றார். வேறு வண்டியில் தேர்வுக்குப் போகலாமே என்று நான் சொன்னதும் டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவ பழகினது இந்த வண்டில. வேற வண்டில ஏறினா கால் எது, கை எதுன்னு தெரியாம நிப்பா."

"சரி, நானே மாத்துறேன்."

"உங்களால முடியுமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? அச்சு மெஷினையே பிரிச்சு மாட்டுறவன் நான்!"

"அது நின்ன எடத்துல நிக்கும்ங்க. இது ஓடணும்."

சனிக்கிழமை நான்கு கடை ஏறி இறங்கி, புது பம்ப், கேஸ்கெட், பெல்ட் மூன்றும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அச்சகத்தில் வீணாய்ப் போன வெள்ளைத் தாள்களை வண்டிக்கடியில் விரித்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழ் ஹோஸைக் கழற்றி, பழைய தண்ணீரை ஒரு பேசினில் பிடித்தேன். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே கப்பியின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் செய்தால் கப்பி கூடவே சுற்றும், நாமும் சுற்ற வேண்டியதுதான். பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஓர் அட்டையில் பம்பின் படத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்திவைத்தேன். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பரவாயில்லையே, பொறுமைகூட இருக்கே உங்களுக்கு."

"இரும்புகிட்ட எனக்கு எப்பவும் பொறுமை உண்டு. மனுஷங்ககிட்டதான் இல்ல."

"அது எங்களுக்குத் தெரியுமே" என்றுவிட்டு உள்ளே போனாள்.

பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட் பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டவே ஒரு மணி நேரம். ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் அந்த வழியாக ஒழுகும். பிறகு புது கேஸ்கெட், புது பம்ப், எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பெல்ட்டை மாட்டி, கட்டைவிரலால் அழுத்தி இறுக்கம் பார்த்தேன். புதுக் கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து என்ஜினை ஓடவிட்டேன். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழி குமிழியாக வந்து அடங்கியது. மூடியை இறுக்கி, வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து அடியில் புதுத் தாளை விரித்தேன். ஒரு சொட்டு இல்லை. ஊசி நடுவில் நின்றது. அட, நானா செய்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

அப்போது டீச்சர் வீட்டில் இல்லை. மறுநாள் ஏழு மணிக்குக் கடைசிப் பயிற்சி என்று சொல்ல பொடிசு வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்குக் கையும் சும்மா இருக்காது, கண்ணும் சும்மா இருக்காது. இவ்வளவு செய்தாயிற்று, தங்கை தேர்வுக்குப் போகிற வண்டி, பளிச்சென்று இருக்கட்டுமே என்று வாளியும் துணியுமாக இறங்கிவிட்டேன். வழக்கமாக வண்டியைத் துடைப்பது டீச்சர்தான், என்னைத் துணியோடு அண்டவிட மாட்டாள். கூரை, கதவு, உள்ளே மிதியடி எல்லாம் முடிந்தது. கண்ணாடிகளுக்கு வந்தேன். பின் ஜன்னலில் ஒரு நீல ஒட்டுத்துண்டு. பின்கண்ணாடி மூலையில் ஒரு சிவப்புத் துண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளை. ஓரமெல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்று கிடந்தன. எந்தப் பிள்ளை ஒட்டிய வேலையோ என்று முணுமுணுத்துக்கொண்டே நகத்தால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிசின் தடம்கூட இல்லாமல் துடைத்தேன். கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை.

மறுநாள் காலை ஒரு பழைய கோடவுனுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்குப் போனோம். பம்ப் மாற்றிய பெரிய மனுஷன் என்று எனக்கும் பின்சீட்டில் இடம் கிடைத்திருந்தது. டீச்சர் நான்கு கம்புகளையும் நட்டுவிட்டு வந்தாள். பொடிசு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பின் ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"அண்ணி, நீலத்தக் காணோம்."

டீச்சர் திரும்பினாள். நீலம் இல்லை. சிவப்பு இல்லை. வெள்ளையும் இல்லை. மெதுவாக என் பக்கம் பார்த்தாள்.

"நேத்து வண்டியத் தொடச்சீங்களா?"

"ஆமா. பளபளன்னு இல்ல?" என்றேன் நான், பாராட்டுக்குக் காத்துக்கொண்டு.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. நீலத்துண்டு முதல் கம்பை மறைக்கும்போது ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்க வேண்டும். சிவப்பு இரண்டாவது கம்பைத் தொட்டதும் நேராக்க வேண்டும். வெள்ளைத் துண்டு தரையில் போட்ட கோட்டைத் தொட்டால் நிறுத்த வேண்டும். பதினோரு வருடமாக அத்தனை பெண்களும் இந்த மூன்று துண்டை வைத்துத்தான் ரிவர்ஸ் பழகியிருக்கிறார்கள். பொடிசும் அவற்றையே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் குரங்கைக்கூடத் துடைத்து வைத்துவிட்டேன்.

டீச்சர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பையிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்து, கண்ணைச் சுருக்கி, நினைவிலிருந்து புதிதாக ஒட்டினாள். பொடிசு ரிவர்ஸ் எடுத்தாள். கம்பு விழுந்தது. டீச்சர் துண்டை இரண்டு விரல் தள்ளி ஒட்டினாள். இந்தத் தடவை வேறு கம்பு விழுந்தது. மணி ஏழே முக்கால். ஒன்பதுக்குத் தேர்வு. நான் இறங்கி, விழுந்த கம்புகளை மறுபடி நட்டுவிட்டு ஓரமாக நின்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து நான் விட்டுக்கொண்டது என் மேல் இல்லையே, தங்கை மேல்!

பொடிசு என்ஜினை அணைத்தாள். கதவைத் திறந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"ஏன்ண்ணே, உனக்கு ஒரு புள்ளி இருந்தாப் பொறுக்காது, இல்ல? அன்னிக்கு ஒரு கோடு விழுந்துச்சு. வெரல் நீளம்! அதுக்குத் தெருவையே கூட்டி என் மானத்த வாங்கினே. இருபத்தாறு வருஷம்! எங்க போகணும்னாலும் உன் வாசல்ல வந்து நின்னேன். என் பொண்ணு அங்க தனியாக் கெடக்கா. அவ கூப்பிட்டா நான் போகணும். நீ கூட்டிட்டுப் போய் இல்ல, நான் போகணும்! அதுக்கும் நீயே வந்து துணிய வச்சுத் தொடைக்கிற! கண்ணுமண்ணு தெரியாத சுத்தம்!"

என் தங்கை என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு சொல்லும் நியாயம். அவள் திரும்பிப் போய் ஏறி, கதவை அறைந்து சாத்தி, ரிவர்ஸ் போட்டாள். கழுத்தை முழுதாகப் பின்னால் திருப்பினாள். ஒட்டுத்துண்டுகளைப் பார்க்கவே இல்லை. கம்பைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், ஒரே வீச்சில் நான்கு கம்புக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு கம்புகூட அசையவில்லை.

பொடிசு ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்தாள். நான் கண்கலங்கி, "பொடிசு, என்னை மன்னி…" என்று ஓரடி எடுத்துவைத்தேன். டீச்சர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாயத் தொறந்தீங்க, கொன்னுடுவேன்!" என்றாள் காதோடு. "பாக்கலையா? கோவத்துல அவளுக்குப் பயமே மறந்துடுச்சு. தோளு கீழ எறங்கிடுச்சு. மன்னிப்பெல்லாம் டெஸ்ட் முடிஞ்சதும் கேளுங்க. அதுவரைக்கும் அவ கண்ணுல படுற எடத்துல நில்லுங்க. சமாதானம் மட்டும் பண்ணிடாதீங்க."

பதினோரு வருடம் யாரையும் திட்டாமல் சொல்லிக்கொடுத்தவள், அன்று தன் சொந்தப் புருஷனையே பாடப்பொருளாக மாற்றிவிட்டாள். கெட்டிக்காரி.

தேர்வுத் திடலில் கம்பிவேலிக்கு வெளியே, பொடிசுக்கு நேர் எதிரே என்னை நிறுத்தினாள். பொடிசின் முறை வந்தது. அதிகாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ரிவர்ஸ் போடும் நேரத்தில் பொடிசின் தோள் மறுபடி மெல்ல ஏறுவது எனக்கே தெரிந்தது.

"சிரிங்க" என்றாள் டீச்சர் பல்லைக் கடித்தபடி.

"என்னது?"

"அவளப் பாத்துச் சிரிங்க. ஒண்ணுமே நடக்காத மாதிரி."

சிரித்தேன். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, கையையும் ஆட்டினேன். பொடிசின் முகம் சிவந்தது. கண்ணாலேயே என்னை எரித்துவிட்டு, வெடுக்கென்று கழுத்தைத் திருப்பினாள். வண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நடுவில் நின்றது.

அதிகாரி தாளில் எழுதிக்கொண்டே கேட்டாராம், "ஏம்மா, யார் மேல இவ்வளவு கோவம்?"

"அந்தா பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரே, எங்கண்ணன்."

அவர் என்னைப் பார்த்துவிட்டு, "நியாயம்தான்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

தாளைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்ததும், "இப்பக் கேளுங்க" என்றாள் டீச்சர். கேட்டேன். கேட் தூணுக்கும் சேர்த்துக் கேட்டேன், தெருவைக் கூட்டியதற்கும், இருபத்தாறு வருடம் பெருமைப்பட்டதற்கும் சேர்த்துக் கேட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். பொடிசும் அழுதாள், அழுதுகொண்டே, "அந்தச் சிரிப்ப மட்டும் என்னால மன்னிக்க முடியாதுண்ணே" என்றாள். டீச்சர் எங்கள் இருவரையும் தள்ளிவிட்டு, அடுத்த மாணவிக்கு நேரமாகிறது என்றாள்.

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை மதியம், பொடிசின் பள்ளிக்கு அன்று விடுமுறை, எங்கள் வீட்டில் மூவரும் இருந்தபோது பொடிசின் போன் அடித்தது. மகள். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். எனக்கு அன்று இரவு ஷிப்டுதான். கை தானாகச் சாவிக்குப் போயிற்று.

"வா, ஏறு, நான் ஓட்டுறேன்."

"வேணாம்ண்ணே."

"சரி, நீ ஓட்டு. நான் சும்மா பக்கத்துல உக்காந்து வர்றேன். வாயே தொறக்க மாட்டேன்."

"நீ பக்கத்துல இருந்தா நான் உன்னப் பாப்பேன், ரோட்டப் பாக்க மாட்டேன்" என்று சொல்லி, கையை நீட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். டீச்சர் அதற்குள் கூரை அட்டையைக் கழற்றியிருந்தாள். அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். வண்டி தெருமுனையில் நின்று, இரு பக்கமும் பார்த்து, திரும்பிப் போனது.

அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அப்பப்பா! உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன். நாலு தடவை போனை எடுத்தேன், நாலு தடவையும் டீச்சர் பிடுங்கி வைத்தாள். ஓட்டுகிறவளைக் கூப்பிடக்கூடாதாம். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனபோது அதுவாகவே அடித்தது.

"வந்துட்டேன்ண்ணே! எடமே இல்ல, ரெண்டு பெரிய வண்டிக்கு நடுவுல ஒரு சந்து. ரிவர்ஸ்ல ஒரே தடவைல போட்டேன். வாட்ச்மேன் நின்னு பாத்துட்டுப் போறார்!"

"அடியே, அது கெடக்கட்டும். பிரசவம் ஆயிடுச்சா? பிள்ளை எப்படி இருக்கு?"

"பிள்ளையா? அதுக்கு இன்னும் நேரம் இருக்காம்ண்ணே" என்றாள் என் தங்கை. "நான்தான் முன்னாடியே வந்துட்டேன்."